பொற்கொடி திரும்ப அழைத்த வண்டிகள்

பொற்கொடியால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு டீ குடிக்க முடியாது. டீயைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓட முடியும். பாகலூர் சாலையில் அவள் ஷெட்டுக்கு எதிரே கடை வைத்திருந்தவருக்கு இது பழகிப்போய், அவளுக்கு மட்டும் கிளாஸை அரைவாசிதான் நிரப்புவார்.

அவளுடைய அப்பா அழகர்சாமி உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஓசூருக்கு வந்து சிப்காட்டில் ஒரு வார்ப்பாலையில் சேர்ந்தவர். பொற்கொடி பிறந்தது, படித்தது எல்லாம் ஓசூரில். வீட்டுக்குள் மதுரைத் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கும் கன்னடமும். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்த கையோடு ஒரு என்ஜின் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. என்ஜினைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கி நாள் முழுக்க ஓடவிடுவார்கள். இவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து திரையில் வரும் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எண்கள் மாறாமல் இருந்தால் அன்றைக்கு நல்ல நாள் என்பார்கள். பொற்கொடிக்கு அந்த நாட்கள்தான் தாங்க முடியாதவையாக இருந்தன. ஸ்பார்க் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் இதே என்ஜின் இன்னும் நன்றாக இழுக்குமே என்று ஒருநாள் சூப்பர்வைசரிடம் சொன்னாள்.

"நம்ம வேலை பாக்கறதும்மா. மாத்தறது வேற ஆளுங்க வேலை" என்றார் அவர்.

அதன் பிறகும் சில வருடங்கள் அங்கே இருந்தாள். மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பாள். கூட வேலை பார்த்தவர்கள் இடம் மாற்றிக் கேட்டதுண்டு. ஒரு திங்கட்கிழமை வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சல்மான் என்பவர் பாகலூர் சாலையில் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து சோதித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நிதானமான மனிதர். கடைக்குப் பின்னால் காலியாகக் கிடந்த ஷெட்டை அவளுக்குக் கொடுத்தார். அங்கே ஒரு லேப்டாப்பும் ஒரு வயர்ச்சுருளுமாகத் தொழிலைத் தொடங்கினாள். டர்போ வைத்த பெட்ரோல் கார்களின் கம்ப்யூட்டரைத் திறந்து, கம்பெனி எழுதி வைத்த கணக்கை மாற்றி எழுதுவாள். காற்றை எவ்வளவு அழுத்த வேண்டும், பெட்ரோலை எவ்வளவு நேரம் பீய்ச்ச வேண்டும், தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்று அவள் மாற்றிக் கொடுத்ததும் அதே வண்டி வேறு வண்டியாகிவிடும். பெங்களூரிலிருந்தெல்லாம் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

இதில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. ஒன்று பெட்ரோலின் ஆக்டேன். டர்போ காற்றை அழுத்த அழுத்த உள்ளே சூடு ஏறும். சாதாரண பெட்ரோல் அந்தச் சூட்டைப் பொறுக்காமல், தீப்பொறி வேலையை முடிப்பதற்குள் தானாகவே அங்கங்கே வெடிக்கும். என்ஜினுக்குள் யாரோ சுத்தியால் தட்டுவது போலச் சத்தம் கேட்கும். ஆக்டேன் கூடிய பெட்ரோல் அந்த அழுத்தத்தைத் தாங்கும். அதனால் தன் வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் அவள் ஒரே நிபந்தனை போடுவாள், ஆக்டேன் தொண்ணூற்றைந்துக்குக் குறைந்ததைப் போடவே கூடாது.

இன்னொன்று இன்ஜெக்டர். அது ஒரு சின்னக் குழாய். திறந்து மூடி, திறந்து மூடி பெட்ரோலைத் தெளிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும், அதற்கு இன்ஜெக்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். என்ஜின் வேகமெடுக்கும்போது கிடைக்கும் நேரமோ சுருங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் மூடவே நேரமில்லாமல் அது திறந்தபடியே நிற்கும். முழுக்கத் திறந்த குழாயை மேலும் திருகினால் தண்ணீர் கூடுமா? அதேபோல்தான். கம்ப்யூட்டர் என்ன கட்டளை போட்டாலும் அதற்கு மேல் ஒரு சொட்டு வராது. அதனால் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் நூற்றுக்கு எண்பத்தைந்தைத் தாண்ட வேண்டாம் என்பது தொழிலில் பொதுவான பேச்சு.

பொற்கொடி தொண்ணூற்றைந்து வரை போவாள்.

"கொஞ்சம் மூச்சு விட எடம் வைம்மா" என்று சல்மான் பலமுறை சொல்லிப் பார்த்தார்.

"சும்மா கெடக்கிற எடத்தப் பாத்தா எனக்குத் தூக்கம் வராது பாய்" என்பாள்.

கணவன் அசோக்குமார் சூளகிரிக்கு முன்னால் நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கில் மேனேஜர். அங்கே பெட்ரோல் போட வந்து, ஆக்டேனைப் பற்றியும் அடர்த்தியைப் பற்றியும் அவள் கேட்ட கேள்விகளுக்கு முழுக்கப் பதில் சொன்ன ஒரே ஆள் அவன்தான் என்பதால் கல்யாணம் வரை போனது. அவளுடைய வாடிக்கையாளர்களில் ஓசூர் பக்கத்து ஆட்கள் அவன் பங்க்கில்தான் நிரப்புவார்கள். விலை கூடிய பெட்ரோல் அங்கே ஓடியதே பாதி இவர்களால்தான்.

மாங்காய் லாரிகள் நெடுஞ்சாலையை அடைக்கத் தொடங்கியிருந்த சமயம், ஒருநாள் காலை அஸ்வினிடமிருந்து போன் வந்தது. அஸ்வின் மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஆலை ஒன்றில் இன்ஜினியர். பகல் முழுக்க பேட்டரியோடு மல்லுக்கட்டிவிட்டு, விடுமுறை நாட்களில் பொற்கொடி மாற்றிக் கொடுத்த தன் டர்போ காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

"அக்கா, கிருஷ்ணகிரிலருந்து மேல ஏறிட்டிருந்தேன். மேலுமலை மேட்டுல திடீர்னு இழுவை போச்சு. பின்னாடி ஒரே புகை. ஓரங்கட்டி நிக்கிறேன்."

"தட்டுற சத்தம் கேட்டுச்சா?"

"இல்லக்கா. ஒண்ணுமே கேக்கல. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு."

வண்டியை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் காலை பொற்கொடி என்ஜினின் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தாள். ஒரு பிஸ்டனின் ஓரம் மெழுகுபோல உருகி வழிந்திருந்தது.

"என்ன பெட்ரோல் போட்ட?"

"அண்ணன் பங்க்லதான். நீங்க சொன்ன தொண்ணூத்தஞ்சு. வேற எதையும் நான் தொட்டதே இல்லக்கா."

சல்மான் நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றித் தன் சோதனை மேசையில் மாட்டினார். ஒன்று அடைத்துக்கொண்டிருந்தால் அந்த சிலிண்டருக்கு மட்டும் பெட்ரோல் குறைந்திருக்கும். நான்கு கண்ணாடிக் குழாய்களிலும் பெட்ரோல் ஒரே மட்டத்தில் ஏறி நின்றது. தெளிப்பும் சீராக இருந்தது.

"இதுல ஒரு குத்தமும் இல்லம்மா" என்றார்.

"அப்ப பெட்ரோல்தான்" என்றாள் பொற்கொடி. ஸ்கூட்டரை எடுத்தாள்.

பங்க்கில் நடு மதிய வெயில். அசோக்குமார் ஒரு டேங்கரை இறக்கி அனுப்பிவிட்டு ரசீதுகளோடு நின்றிருந்தான். அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அந்த வெல கூடின டேங்க்ல என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? பெட்ரோல் இருக்கு."

"ஓட்டமில்லாம நாள்கணக்கா கெடக்கிற டேங்க் அது. அடில தண்ணி எறங்கியிருக்கணும். இல்ல, வர்ற வழிலயே யாராச்சும் கை வெச்சிருக்கணும். அஸ்வின் பிஸ்டன் உருகிப்போச்சு."

பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அசோக்குமாரின் முகம் இறுகியது. அவன் குரலை உயர்த்தவில்லை.

"எல்லார் முன்னாடியும் நான் கலப்படம் பண்றேன்னு சொல்ற."

"நீங்கன்னு சொன்னேனா?"

"இது என் பொறுப்புல இருக்கிற டேங்க், பொற்கொடி. வேற யாரச் சொல்ற?"

அவன் உள்ளே போய் சோதனைப் பெட்டியை எடுத்து வந்தான். அவள் கண்ணெதிரே வடிதாளில் ஒரு சொட்டு விட்டான். கறையில்லாமல் ஆவியானது. அடர்த்திமானியை மிதக்கவிட்டுக் காட்டினான். அதுவும் இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. டேங்க்கின் அடியில் தண்ணீர் இருந்தால் நிறம் மாறும் பசையைத் தடவி, அளவுகோலை இறக்கி எடுத்தான். பசை நிறம் மாறவில்லை.

அவளுக்குப் போதவில்லை. அளவுக்கோடு போட்ட ஒரு நீளக் கண்ணாடிக் குடுவையை வாங்கினாள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மேலே பெட்ரோலை நிரப்பி, மூடிக் குலுக்கினாள். ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு முன்னும் பின்னும் நடந்தாள். பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். அடி மட்டம் எவ்வளவு உயர்கிறது என்று பார்த்தால் எத்தனால் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். ஓரிரு வருடங்களுக்கு முன் இதே குடுவையில் இதே சோதனையைச் செய்திருக்கிறாள். அப்போது கோடு சுண்டுவிரல் அகலம்தான் ஏறியது. இப்போது அதைப்போல இரண்டு மடங்கு ஏறி நின்றது.

"இவ்வளவா?" என்றாள்.

"இப்ப எல்லா பங்க்லயும் இதான். இருவது பர்சன்ட். வெல கூடினதுலயும் அதே. பேப்பர்ல போட்டு, டிவில சண்ட போட்டு, ஊருக்கே தெரியும்" என்றான் அசோக்குமார்.

அவளுக்கும் தெரியும். ஷெட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் மைலேஜ் குறைகிறது, ரப்பர் டியூப் அரிக்கிறது என்று மாதக்கணக்கில் அதைத்தான் பேசினார்கள். அவளும் கூடப் பேசியிருக்கிறாள். ஆனால் ஒன்றை யோசிக்கவில்லை. எத்தனால் ஆக்டேனைக் கூட்டும், தட்டும் சத்தத்தைக் குறைக்கும். அந்த விதத்தில் நல்லதுதான். ஆனால் ஒரே அளவு காற்றோடு எரிய அது பெட்ரோலைவிட அதிகம் வேண்டும். கலப்பு பத்திலிருந்து இருபதானால் நூற்றுக்கு நாலு, அஞ்சு பங்கு கூடுதலாகத் தெளித்தாக வேண்டும். எண்பத்தைந்தில் நிறுத்திய இன்ஜெக்டர் தொண்ணூறுக்குப் போய் அந்தக் கூடுதலைக் கொடுத்துவிடும். அவள் தொண்ணூற்றைந்தில் நிறுத்திய இன்ஜெக்டருக்குப் போக இடமில்லை. பெட்ரோலுக்கும் காற்றுக்குமான கலவை மெலிந்து, உள்ளே சூடு ஏறி, அஸ்வின் காதில் ஒரு தட்டல்கூட விழாமலேயே பிஸ்டன் உருகிவிட்டது.

பெட்ரோலில் குறையில்லை. இன்ஜெக்டரிலும் குறையில்லை. குடுவையைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து அசோக்குமார் பார்த்ததில்லை. அதுவும் ஒரு நிமிஷம்தான். அஸ்வின் வண்டி மட்டுமா? மற்ற வண்டிகள் எல்லாம் இந்த நேரம் எந்த மேட்டில் ஏறிக்கொண்டிருக்கின்றன? எழுந்து வெளியே போனாள்.

ஷெட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். ஒவ்வொரு வண்டிக்கும் அவள் எழுதிய கணக்கு அதில் இருந்தது. எல்லா வண்டியும் ஆபத்தில் இல்லை. பெரிய இன்ஜெக்டரோடு வந்தவை தப்பித்தன. கொஞ்சமாகக் கேட்டவர்களின் வண்டிகளும் தப்பித்தன. ஆனாலும் ஏறக்குறைய இருபது வண்டிகள் தொண்ணூறுக்கு மேலே நின்றன. போனை எடுத்தாள்.

சல்மான் கடை வாசலிலிருந்து வந்து நின்றார். "என்ன பண்ற?"

"எல்லாரையும் கூப்பிடப் போறேன் பாய். கொண்டாரச் சொல்லி, கொறச்சுக் குடுக்கப் போறேன்."

"ஒவ்வொருத்தரா வர்றப்போ சத்தமில்லாம சரி பண்ணிக் குடுக்கலாம்ல? நீயே கூப்பிட்டு, நான் போட்டது தப்புன்னு சொன்னா, நாளைக்கு இந்த வாசல்ல யாரு நிப்பாங்க?"

"அதுக்குள்ள இன்னொரு வண்டி போயிரும்."

அவர் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு தன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பெங்களூர்காரங்க நம்பரக் குடு. எனக்கு அவங்க பாஷ நல்லா வரும்" என்றார்.

நடந்துகொண்டேதான் அவளால் போன் பேச முடியும். ஷெட்டின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்தாள். சிலர் உடனே புரிந்துகொண்டார்கள். "வண்டி சூப்பரா ஓடுதுங்க, எதுக்குக் கொறைக்கணும்?" என்றார் ஒருவர். இன்னொருவர் இது வேறு எதையோ விற்க வழி என்று நினைத்து போனை வைத்துவிட்டார். தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு டாக்டர் அமைதியாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க தப்பா போட்டுக் குடுத்திருக்கீங்கன்னு ஒத்துக்கிறீங்க" என்றார்.

"ஆமாங்க சார்."

"நான் அந்த வண்டில என் சம்சாரத்த ஏத்திக்கிட்டுப் போறேன்."

"ஆமாங்க. அதனாலதான் கூப்பிட்டேன். வர்ற வரைக்கும் முழு மிதி மிதிக்காதீங்க. மெதுவா ஓட்டினா ஒண்ணும் ஆகாது."

வாடிக்கையாளர்களில் ஒருவர் மட்டும் போனை எடுக்கவே இல்லை. அவர் திம்மராயன். தளி பக்கம் பசுமைக்குடில்களில் ரோஜா வளர்ப்பவர். ஐம்பதைத் தொட்ட வயதில் கறுப்பு நிற டர்போ கார் வாங்கி, ரோட்டில் முன்னால் யார் போனாலும் பிடிக்காது என்கிற அளவுக்கு மாறிப்போனவர். லேப்டாப்பில் இருந்த வண்டிகளிலேயே அவருடையதுதான் உச்சத்தில் நின்றது. தொண்ணூற்றேழு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவர் கேட்டதும், முடியும் என்று இவள் காட்டியதுமாக அந்த இடத்துக்குப் போயிருந்தார்கள்.

மறுபடி மறுபடி அடித்துப் பார்த்துவிட்டு, அவர் வீட்டு எண்ணைத் தேடிப் பிடித்தாள். மனைவி கெம்பம்மா எடுத்தார்.

"அவுரு காவேரிப்பட்டினத்துல கல்யாணத்துக்குப் போயிருக்காரு மேடம். தங்கச்சி, தங்கச்சி பசங்க எல்லாரயும் கூட்டினு காத்தாலயே போனாரு. எனக்குப் பூ பறிக்கிற வேல, நான் போவல."

"எப்ப திரும்புவாரு?"

"சாப்பாடு ஆனதும் கெளம்பறேன்னாரு."

போகும்போது இறக்கம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வண்டி தானாகவே உருளும். திரும்பும்போதுதான் மேடு. அஸ்வின் நின்ற அதே மேலுமலை. அந்த மேட்டில் திம்மராயன் எப்படி மிதிப்பார் என்று அவளுக்குத் தெரியும், அவர் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்ட இடமே அதுதான். வழியில் என்ஜின் போனால் பின்னால் வரும் லாரி எதையும் எதிர்பார்க்காது. உள்ளே குழந்தைகள்.

லேப்டாப்பையும் வயரையும் பையில் திணித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தபோது, வாசலில் அசோக்குமாரின் கார் நின்றது. ஷிப்ட்டை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தான். சல்மான் போன் பண்ணியிருக்கிறார்.

"ஏறு. நான் ஓட்டறேன்" என்றான். "நீ ஓட்டினா இந்த வண்டியும் போயிரும்."

அவன் எப்போதும்போல நிதானமாகத்தான் ஓட்டினான். சூளகிரி தாண்டியதும் மாங்காய் லாரிகள் இரண்டு தடங்களையும் பிடித்துக்கொண்டு ஊர்ந்தன. பொற்கொடியின் வலது கால் காலியான தரையை அழுத்திக்கொண்டே வந்தது. எதிர்த் தடத்தில் மேலே ஏறும் ஒவ்வொரு கறுப்பு வண்டியையும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு தடவை "அதானா?" என்று அவளே கேட்டு, அவளே "இல்ல" என்று சொல்லிக்கொண்டாள். திம்மராயனின் எண்ணை அடிப்பதை விடவில்லை. மணி அடித்து அடித்து நின்றது.

டோல்கேட்டில் வண்டி நின்றபோது, "மதியம் நான் பேசினது..." என்று ஆரம்பித்தாள்.

"இப்ப வேணாம்."

"இல்ல, நான் யோசிக்காம..."

"பசங்க முன்னாடி பேசினதான் கொடி கஷ்டமா இருந்துச்சு. நாளைக்கு நான் அவங்கள வேல வாங்கணும். நீ தனியா கூப்பிட்டு எவ்வளவு வேணாலும் கேட்டிருக்கலாம்." அவன் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நாளைக்கு வந்து அவங்ககிட்டச் சொல்லு. என்கிட்ட வேணாம்."

"சொல்றேன்" என்றாள்.

காவேரிப்பட்டினத்தில் மண்டபத்தைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. சாலை வரைக்கும் வண்டிகள் நின்றன. அந்த வரிசையில் கறுப்புக் காரைப் பார்த்ததும் அவள் கார் நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்துவிட்டாள். முன்மூடியில் கையை வைத்துப் பார்த்தாள். ஆறியிருந்தது. இன்னும் கிளம்பவில்லை.

திம்மராயன் கடைசிப் பந்தி நடக்கும் இடத்தில், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உறவுக்காரர்களுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். போன் காரிலேயே கிடந்திருக்கிறது.

"அரே மேடம், இங்க எங்க? ஒக்காருங்க, எலை போடச் சொல்றேன்."

"சாப்பாடு இருக்கட்டுங்க. வண்டிச் சாவி குடுங்க. ஒரு தடவ பாக்கணும்."

"கல்யாணத்துக்கு வந்து வண்டியப் பாக்கறதா? மொதல்ல சாப்புடுங்க."

அசோக்குமார் மனைவியின் முகத்தைப் பார்த்தான். "நான் சாப்பிடறேங்க. அவளுக்குச் சாவியக் குடுத்துருங்க" என்று பந்தியில் உட்கார்ந்துகொண்டான். காலையிலிருந்து அவனும் சாப்பிட்டிருக்கவில்லை.

மண்டபத்துக்குப் பின்னால் சமையல் புகை வந்துகொண்டிருந்த இடத்தில், காரின் கதவைத் திறந்துபோட்டு லேப்டாப்பை மடியில் வைத்தாள். வண்டியின் நினைவில் பிழைக்குறிப்பு பதிவாகியிருந்தது. கலவை மெலிந்திருக்கிறது என்று போன வாரம் ஒன்று, அதற்கு முன் இன்னொன்று. கூடுதல் பெட்ரோல் கேட்டுக் கேட்டு கம்ப்யூட்டர் தன் திருத்தத்தின் எல்லைக்கே போய் நின்றிருந்தது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லையா என்று யோசித்தாள். அந்த விளக்கு அவசரப்பட்டு எரியாமல் இருக்க அதன் எல்லையைத் தளர்த்தி வைத்ததும் அவள்தான்.

என்ஜின் வேகமெடுக்கும் உயர்ந்த சுற்றுகளில் டர்போவின் அழுத்தத்தை இறக்கினாள். விளக்கின் எல்லையைப் பழையபடி வைத்தாள். விரல்கள் வேகமாகத்தான் ஓடின. ஆனால் எழுதிய ஒவ்வொன்றையும் திரும்பப் படித்தாள், பிறகு இன்னொரு முறை படித்தாள். அவளுக்கே அது புதிதாக இருந்தது.

திம்மராயன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னாள். அவர் நம்பாமல் சாவியை வாங்கிக்கொண்டு, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஊருக்கு வெளியே பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். ஓரமாக நிறுத்தினார்.

"மிதிச்சா முன்ன தள்ளுமே, அந்த ஒத இல்லியே மேடம்."

"இல்லதாங்க."

"இதே வண்டில போன மாசம் என் அண்ணன் மகன மேட்டுல முந்தினேன். அவன் வச்சிருக்கிறது பெரிய வண்டி. இப்ப முந்த முடியுமா?"

"முடியாது."

"ஆக்டேன் நூறு போட்டா? பெங்களூர்ல கெடைக்குது."

"ஆக்டேன் வேறங்க, அளவு வேற. பெட்ரோல் பொறுமையா இருந்தா மட்டும் பத்தாது, தேவையான அளவு வரணும். குழாய் சின்னது. பெரிய இன்ஜெக்டர் போடலாம், பம்ப்பும் பாக்கணும். வர நாளாகும்."

"அத மொதல்லயே போட்டிருக்கலாம்ல?"

"போட்டிருக்கலாம். நீங்க அவசரப்பட்டீங்க. நான் அதவிட அவசரப்பட்டேன்."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது, ஆனால் கொஞ்சமாகத்தான்.

"நீங்க போன்ல சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். பொம்பள பயப்படறான்னு நெனச்சு இன்னும் ரெண்டு மிதி மிதிச்சிருப்பேன். அதும் நெசம்" என்றார். மண்டபத்துக்குத் திரும்பியபோது தங்கையின் குழந்தைகள் ஐஸ்கிரீமும் கையுமாகக் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களை ஒவ்வொருவராக ஏற்றி, கதவைச் சாத்தி, "ஆய்த்து மேடம். ரோஜா சீசன் முடியட்டும், பெரிய ஊசி போடலாம்" என்று கிளம்பினார். அசோக்குமார் மேடு முழுக்க அவர் பின்னாலேயே ஓட்டினான். கறுப்புக் கார் லாரிகளுக்கு நடுவே சாதுவாக ஏறிப் போனது.

மறுநாள் காலை பொற்கொடி பங்க்குக்குப் போனாள். பையன்களைக் கூப்பிட்டு, நேற்று நான் சொன்னது தப்பு, பெட்ரோலில் ஒன்றுமில்லை, என் கணக்கில்தான் கோளாறு என்றாள். அவர்கள் தலையாட்டிவிட்டு, காத்திருந்த வண்டிகளுக்குப் பெட்ரோல் போடத் திரும்பினார்கள். அசோக்குமார் உள்ளேயே இருந்தான்.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கும் மேலாக வண்டிகள் வந்துகொண்டிருந்தன. குறைத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் சொல்லவில்லை. தேன்கனிக்கோட்டை டாக்டர் வண்டியைக் கம்பெனி கணக்குக்கே மாற்றிக்கொண்டு போய்விட்டார், அதன் பிறகு வரவில்லை. கார் பிரியர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில், ஓசூர் பெண்ணிடம் போனால் என்ஜின் போகும் என்று யாரோ எழுதினார்கள். அதற்குக் கீழே அஸ்வின் நீளமாக ஒரு பதில் எழுதினான். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கூட்டம் குறைந்தது. சல்மான் சொன்ன மாதிரியே நடந்தது, ஆனால் அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அஸ்வினின் என்ஜினை அவளும் சல்மானுமாகச் சேர்ந்து தங்கள் செலவில் புதுப்பித்தார்கள். பெரிய இன்ஜெக்டரும் பம்ப்பும் போட்டு, எண்பதிலேயே நிறுத்தினாள். அந்த வண்டி முன்பைவிட நன்றாக இழுத்தது. ஸ்டார்ட் ஆன அன்று அஸ்வின் அவளையும் சல்மானையும் ஏற்றிக்கொண்டு ஜவளகிரி வரை ஓட்டிப் போனான். சல்மான் பின்சீட்டில் கைப்பிடியை விடவே இல்லை.

இப்போது எந்த வண்டி வந்தாலும் முதலில் அதன் டேங்க்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை எடுத்துச் சோதிக்கிறாள். அது முடியும்வரை கணக்கைத் தொடுவதில்லை. அந்த இடைவெளியில் ஷெட்டின் குறுக்கே நடக்கிறாள். அதை விட முடியவில்லை.

ஒரே ஒரு வண்டி கிடைக்கவில்லை. சாம்பல் நிறம். சொந்தக்காரர் வேறு நாட்டுக்கு வேலைக்குப் போகும்போது பெங்களூரில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் தள்ளிவிட்டிருந்தார். அந்த வியாபாரி இன்னொருவரிடம், அவர் ஏலத்தில். ஏலத்தில் எடுத்தவர் சித்தூர் பக்கம் என்றார்கள், இல்லை கேரளா என்றார்கள். பதிவு எண் மாறியிருக்கலாம். அதற்குள் அவளுடைய கணக்கு அப்படியே இருக்கிறது. வாங்கியவருக்கு, தன் வண்டி ஏன் இவ்வளவு நன்றாக இழுக்கிறது என்றுகூடத் தெரியாது.

அதனால் அந்த மாடலில் சாம்பல் நிற வண்டி எதைப் பார்த்தாலும் பொற்கொடியால் சும்மா இருக்க முடிவதில்லை. போன வாரம் ராயக்கோட்டை சாலைச் சந்திப்பில் ஒன்று சிக்னலுக்காக நின்றது. கேரளப் பதிவு எண். இரண்டு வண்டிகளுக்கு இடையே ஸ்கூட்டரை நுழைத்துப் போய்க் கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே இருந்த இளைஞன் கண்ணாடியை இறக்கினான்.

"இந்த வண்டிய நீங்க புதுசா வாங்கினீங்களா, பழசா வாங்கினீங்களா?"

"புதுசுதான். ஏன்?"

"ஒண்ணுமில்லைங்க. பெட்ரோல் எங்க போட்டாலும் பரவால்ல, நீங்க போங்க."

அவன் விளங்காமல் சிரித்தான். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் ஸ்கூட்டரை ஓரத்துக்கு எடுத்துவிட்டு, சந்திப்புக்கு மேலே நெடுஞ்சாலை மேம்பாலத்தில் போய்க்கொண்டிருந்த வண்டிகளில் சாம்பல் நிறம் தெரிகிறதா என்று அண்ணாந்து பார்த்தாள்.